மலாயாப் பல்கலைக்கழகம்: நம்மவர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எஸ்.டி.பி.எம். என்னும் ஆறாம் படிவத் தேர்வு முடிவுகள் வந்துவிட்டால் போதும், மலேசியாவில் நம் வீடுகளில் யூ.எம். என்னும் மலாயாப் பல்கலைக்கழகத்தின் பேச்சுத்தான். பிள்ளைக்கு இடம் கிடைக்குமா, எந்தத் துறை நல்லது என்று ஆரம்பிப்பவர்கள், பேச்சு நீள நீள வரலாற்றுக்கும் வந்துவிடுகிறார்கள். அப்படிக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இடம் கிடைப்பது பற்றிய கேள்வி கடைசிப் பக்கமாக இருக்கிறது. ஆனால் நடுவில் வரும் தமிழ்த் துறையின் கதையைத் தாண்டிப் போய்விடாதீர்கள். நம் தாத்தா பாட்டிகளின் காசு அதில் இருக்கிறது.

மலாயாப் பல்கலைக்கழகம் எந்த ஆண்டு தொடங்கியது? ஒருவர் 1905 என்கிறார், இன்னொருவர் 1949 என்கிறார், வேறொருவர் 1962 என்கிறார்.

மூன்று பேரும் சொல்வது சரிதான். 1905ல் சிங்கப்பூரில் ஒரு மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. 1949 அக்டோபர் 8ல் அந்த மருத்துவக் கல்லூரியையும், கலையும் அறிவியலும் கற்பித்த ராபிள்ஸ் கல்லூரியையும் இணைத்து, அதே சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் உருவானது. 1962 ஜனவரி 1ல் கோலாலம்பூரில் இருந்த பிரிவு தனிப் பல்கலைக்கழகமாகி அந்தப் பெயரைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. சிங்கப்பூரில் இருந்த பிரிவு சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் ஆனது. பல்கலைக்கழகம் தன் வயதை 1905லிருந்தே கணக்கிடுகிறது. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் அதே 1905ஐத்தான் தன் பிறந்த ஆண்டாகச் சொல்கிறது.

அந்த மருத்துவப் பள்ளியைக் கட்டியது வெள்ளைக்காரன்தானே?

நடத்தியது காலனி அரசாங்கம். பணம் போட்டது ஊர் மக்கள். டான் ஜியாக் கிம் என்ற சீன வணிகரின் தலைமையில் சீனர்களும் மற்ற சமூகத்தாரும் ஆளுநரிடம் மனுக் கொடுத்தார்கள். ஆங்கில மருத்துவத்தை உள்ளூர் இளைஞர்களுக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது கோரிக்கை. அரசாங்கம் கேட்டதைவிட அதிகமாகவே, 87,077 வெள்ளி திரட்டிக் கொடுத்தார்கள். அதில் 12,000 வெள்ளி டான் ஜியாக் கிம்மின் சொந்தப் பணம். ஒரு காலத்தில் பெண்களுக்கான மனநல விடுதியாக இருந்த கட்டடத்தில் 23 மாணவர்களோடு வகுப்பு தொடங்கியது. பின்னாளில் அதுவே ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரி. முன்னாள் பிரதமர் டாக்டர் மகாதீர் மருத்துவம் படித்தது அங்கேதான்.

மக்கள் பணம் போட்டுத் தொடங்கிய படிப்பு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்து நம்மவர்களும் அதையே செய்தார்கள்.

சிங்கப்பூரில் இருந்தது எப்படிக் கோலாலம்பூருக்கு வந்தது?

1947ல் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய கார்-சாண்டர்ஸ் குழு, மலாயாவுக்கு முழுமையான பல்கலைக்கழகம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. போருக்கு முன் வந்த இன்னொரு குழு, இன்னும் காலம் வரவில்லை என்று சொல்லியிருந்தது. கார்-சாண்டர்ஸ் குழு நிரந்தர வளாகத்துக்குச் சொன்ன இடம் கோலாலம்பூரும் இல்லை, சிங்கப்பூரும் இல்லை, ஜொகூர் பாரு. இரண்டு நிலப்பகுதிக்கும் நடுவில் இருக்கட்டும் என்ற எண்ணம். அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

அப்புறம் 1957ல் மலாயா சுதந்திரம் பெற்றது. புது நாட்டுக்குப் பொறியாளர்களும் ஆசிரியர்களும் நிர்வாகிகளும் உடனே தேவைப்பட்டார்கள். அவர்களையெல்லாம் பாலம் கடந்து அனுப்பிப் படிக்கவைத்துக்கொண்டிருக்க முடியாது. 1959 ஜனவரி 15ல் ஒரே பல்கலைக்கழகம் இரண்டு தன்னாட்சிப் பிரிவுகளானது, ஒன்று சிங்கப்பூரில், ஒன்று கோலாலம்பூரில். மூன்றே ஆண்டுகளில் இரண்டும் முழுதாகப் பிரிந்தன. ஆசியக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். 1962 ஜூன் 16ல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் முதல் வேந்தராகப் பதவியேற்றார். முதல் துணைவேந்தர் அலெக்சாண்டர் ஓப்பன்ஹைம், பெரிய கணித மேதை. எண் கோட்பாட்டில் அவர் 1929ல் முன்வைத்த ஊகத்தை நிரூபிக்கக் கணித உலகத்துக்கு 1987 வரை பிடித்தது.

வளாகம் இருக்கும் லெம்பா பந்தாய் முன்பு என்னவாக இருந்தது?

ரப்பர்த் தோட்டம். பக்கத்தில் இருக்கும் பங்சாரின் பெயரே புங்கே, கிரிசார் என்ற இரண்டு ஐரோப்பியத் தோட்ட முதலாளிகளின் பெயர்களிலிருந்து வந்தது. இன்றைக்குப் பங்சார் என்றால் காபிக் கடையும் சொகுசு வீடும் நினைவுக்கு வரும். அன்றைக்கு அது பால்மரமும் லயன் வீடுகளும் இருந்த இடம்.

வளாகத்துக்குள் 1974ல் ரிம்பா இல்மு என்ற தாவரவியல் பூங்காவை அமைத்தார்கள். அதுவும் பழைய ரப்பர் நிலத்தில்தான் எழுந்தது. பால்மரத்தின் பட்டையில் சாய்வாக இறங்கும் வெட்டுத் தழும்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எத்தனை ஆண்டு ஆனாலும் மரம் அதை மறப்பதில்லை. கத்தி போன தடம் மேடும் பள்ளமுமாக அப்படியே இறுகிப்போய் நிற்கும். நம் பிள்ளைகள் பட்டம் வாங்கும் மண், நம் ஆட்கள் விடியற்காலையில் வாளியோடு நடந்த மண். எனக்கு இது சாதாரணச் செய்தியாகத் தெரியவில்லை.

இந்திய ஆய்வியல் துறையில் முதலில் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுப்பதாக இருந்தது என்கிறார்களே, உண்மையா?

அப்படி ஒரு கருத்து வலுவாக எழுந்தது உண்மை. 1950களின் நடுவில், பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தபோதே, இந்திய ஆய்வியல் துறை தொடங்கத் திட்டமிட்டார்கள். ஆலோசனை சொல்ல வந்தவர் தென்னிந்திய வரலாற்றில் பெரும் புலமை பெற்ற பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரி. இந்தியப் பண்பாட்டைப் படிப்பதென்றால் சமஸ்கிருதம்தான் அடிப்படை என்ற பார்வை அப்போது கற்றவர்கள் பலரிடம் இருந்தது. இந்த நாட்டில் இந்தியர் என்றால் பெரும்பாலோர் தமிழர். அவர்கள் வீட்டில் பேசுவது, தோட்டப் பள்ளியில் படிப்பது, கோயிலில் பாடுவது எல்லாம் தமிழ். அந்த மொழிக்கு அவர்கள் நாட்டுப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் இடம் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

தமிழ் முரசின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி இதை விடவில்லை. அந்தப் பத்திரிகையை 1935ல் தொடங்கியவர், திருவாரூரிலிருந்து வந்தவர், மக்கள் தமிழவேள் என்று அழைத்தவர். துறையில் தமிழே முதன்மையாக இருக்க வேண்டும் என்று எழுதினார், கூட்டம் போட்டார், சங்கங்களைத் திரட்டினார். எழுதியதோடு நிறுத்தவும் இல்லை. பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பகுதிக்கு உதவ ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற நிதியைத் தொடங்கினார்.

அந்த நிதிக்குக் கொடுத்தவர்கள் யார் என்று பாருங்கள். பால் வெட்டுகிறவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், ரயில்வேயிலும் நகராட்சியிலும் கூலி வேலை செய்தவர்கள், சிறு கடைக்காரர்கள். நாள் கூலியே சில வெள்ளிதான் இருந்த காலம். அதில் ஒரு வெள்ளியை எடுத்துப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுப்பது என்றால், அன்று வீட்டில் ஏதோ ஒன்று குறைந்திருக்கும். கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழக வாசலை மிதித்ததே கிடையாது. பலருக்குக் கையெழுத்துப் போடவும் தெரியாது. பேரப்பிள்ளைகள் படிப்பார்கள் என்றுகூட நிச்சயமாக நம்பியிருக்க முடியாது. மொழி இருக்க வேண்டும் என்று கொடுத்தார்கள்.

துறை 1956ல் தொடங்கியது, தமிழை மையமாக வைத்தே தொடங்கியது. பல்கலைக்கழகம் கோலாலம்பூருக்கு வந்தபோது துறையும் இங்கே வந்து சேர்ந்தது. இன்றும் கலை, சமூக அறிவியல் புலத்தில் அது இயங்குகிறது. மொழி, மொழியியல் புலத்தில் தமிழ் மொழியியலுக்குத் தனிப் பட்டப்படிப்பும் இருக்கிறது.

தமிழ் படிக்கப் போகும் பிள்ளையிடம் “இதைப் படிச்சு என்னடா பண்ணப்போற” என்று கேட்கிற பெரியவர்கள் உண்டு. அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன் இந்த நிதியின் கதையை ஒரு தடவை நினைத்துப் பார்க்கச் சொல்வேன்.

தனிநாயகம் அடிகளுக்கும் யூ.எம்.முக்கும் என்ன தொடர்பு?

யாழ்ப்பாணத்துத் தமிழறிஞரான சேவியர் தனிநாயகம் அடிகள் 1961ல் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராக வந்தார். 1969 வரை இருந்தார். கத்தோலிக்கப் பாதிரியார், பல ஐரோப்பிய மொழிகள் தெரிந்தவர், ஐரோப்பிய நூலகங்களில் தூங்கிக்கிடந்த பழைய தமிழ் அச்சுநூல்களைத் தேடி வெளியே கொண்டுவந்தவர். அவர் வந்த பிறகு துறையின் பெயர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் பேசப்பட்டது.

1964 ஜனவரியில் புதுடில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தொடங்கியவர்களில் அவர் முதன்மையானவர். பிரான்சின் ழான் ஃபிலியோசா தலைவர், செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபில் அடிகளோடு சேர்ந்து செயலாளர். அந்த மன்றத்தின் முதல் மாநாட்டை எங்கே நடத்துவது? சென்னை என்றுதான் யாரும் சொல்வார்கள். அடிகள் கோலாலம்பூரில் நடத்தினார். 1966 ஏப்ரல் 16 முதல் 23 வரை நடந்த அந்த மாநாட்டைத் தொடங்கிவைத்தவர் துங்கு. தமிழ்நாட்டு முதலமைச்சர் பக்தவத்சலம் வந்தார். உலகின் பல மூலைகளிலிருந்து வந்தவர்கள் சங்க இலக்கியம், கல்வெட்டு, தென்கிழக்காசியாவில் தமிழர் தடம் என்று கட்டுரை வாசித்தார்கள். அடுத்த மாநாடு 1968 ஜனவரியில் சென்னையில் நடந்தது. அண்ணா நடத்திய அந்த விழாவைத்தான் உலகம் அதிகம் நினைவில் வைத்திருக்கிறது. தொடக்கம் நம் ஊர்.

பிறகும் 1987, 2015, 2023 ஆகிய ஆண்டுகளில் மாநாடு கோலாலம்பூருக்குத் திரும்பி வந்தது. என் கருத்தைக் கேட்டால், 1966 மாநாட்டின் கட்டுரைத் தொகுதிகளைத்தான் முதலில் படிக்கச் சொல்வேன். வாழ்த்துரையும் பொன்னாடையும் குறைவு, ஆராய்ச்சி அதிகம்.

அடிகள் காலத்தில் அவரோடு அங்கே இருந்தவர்களையும் சொல்ல வேண்டும். வரலாற்று ஆய்வாளர் சின்னப்பா அரசரத்தினம் மலேசிய, சிங்கப்பூர் இந்தியர் வரலாற்றை ஒழுங்காக எழுதினார். சிங்காரவேலு சங்ககாலச் சமூக வாழ்வை ஆராய்ந்தார். இராம. சுப்பையா இந்த நாட்டிலும் சிங்கப்பூரிலும் அச்சான தமிழ் நூல்களையும் இதழ்களையும் தேடித்தேடிப் பட்டியலிட்டார். 1969ல் பல்கலைக்கழக நூலகம் வெளியிட்ட அந்தப் பட்டியல் இல்லாவிட்டால், நம் முன்னோர் என்னென்ன எழுதினார்கள் என்பதில் பாதி நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

எங்கள் அப்பா இன்னும் ‘யுனிவர்சிட்டி ஆஸ்பத்திரி’ என்றுதான் சொல்கிறார். பி.பி.யூ.எம். என்னும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் வேறா, அது வேறா?

ஒன்றுதான். 2000த்தில் பெயர் மாறியது. அப்பா சொல்வதை மாற்ற வேண்டாம், டாக்சிக்காரருக்கும் அது புரியும்.

பல்கலைக்கழகம் பிரிந்தபோது மருத்துவப் புலம் சிங்கப்பூரிலேயே நின்றுவிட்டது. கோலாலம்பூரில் எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. அந்தப் பொறுப்பு 1963ல் ஒரு தமிழரிடம் கொடுக்கப்பட்டது: பேராசிரியர் தம்பு ஜான் தனராஜ். சிங்கப்பூரில் மருத்துவப் பேராசிரியராக இருந்தவர். யானைக்கால் வகைப் புழுக்களால் நுரையீரலில் வரும் ஒரு நோயைப் பற்றிய அவருடைய ஆய்வு பெயர் பெற்றது. மருத்துவப் புலத்தின் முதல் தலைவர் அவரே. பாடத்திட்டம் வகுத்தார், ஆட்களைத் தேர்ந்தெடுத்தார், மருத்துவமனை எப்படி அமைய வேண்டும் என்பதையும் புலத்தோடு சேர்த்தே திட்டமிட்டார். 1964ல் முதல் மாணவர்கள் சேர்ந்தார்கள், 1967ல் மருத்துவமனை நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கியது, 1969ல் முதல் மருத்துவர்கள் வெளியே வந்தார்கள். ஆறு ஆண்டுக்குள் இவ்வளவும். அங்கே இருக்கும் மருத்துவ நூலகத்துக்கு அவர் பெயர்தான். நம் பிள்ளைகள் அந்தப் பெயர்ப்பலகையின் கீழே தினமும் நடக்கிறார்கள், யார் என்று தெரியாமலே. சொல்லிக்கொடுங்கள்.

யூ.எம். உலகத்துக்கு ஏதாவது கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறதா?

நிப்பா வைரஸ் ஒன்றே போதும். 1998ன் பிற்பகுதியில் பேராக்கில் தொடங்கி, பிறகு நெகிரி செம்பிலானில் பன்றிப் பண்ணைகளை ஒட்டிய இடங்களில் மக்கள் காய்ச்சலும் நினைவிழப்புமாக விழுந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணிக் கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மருத்துவப் புலத்தின் ஆய்வகத்தில் டாக்டர் சுவா காவ் பிங், ஒரு நோயாளியின் மூளைத் தண்டுவட நீரிலிருந்து வளர்த்த செல்கள் வழக்கத்துக்கு மாறாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைக் கவனித்தார். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் அப்படிச் செய்வதில்லை. இது வேறு என்று அவர் உறுதியாக நின்றதால்தான் உண்மை வெளியே வந்தது. கொசுவை விட்டுவிட்டுப் பன்றிகளின் பக்கம் திரும்பினார்கள், நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த நோய் அடங்கியது. நோயாளியின் ஊரான சுங்கை நிப்பாவின் பெயரே வைரசுக்கு வந்தது. கேரளத்தில் இன்றும் நிப்பா என்றதும் உடனே நடவடிக்கை எடுக்க முடிகிறதென்றால், அதற்கு விதை லெம்பா பந்தாயில் விழுந்தது.

1969க்குப் பிறகு நம் பிள்ளைகளுக்கு ஏன் கதவு குறுகியது?

இதைக் கேட்காதவர் இல்லை. கோபத்தோடு கேட்பவர்களே அதிகம். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

1969 மே 13 இனக் கலவரத்துக்குப் பிறகு, நாட்டின் செல்வத்திலும் கல்வியிலும் மலாய்க்காரர்கள் பின்தங்கி இருப்பதே பிரச்சினையின் வேர் என்று அரசாங்கம் முடிவுக்கு வந்தது. யூ.எம். மாணவர் நிலையை ஆராய்ந்த மஜிட் குழுவின் அறிக்கை 1971ல் வந்தது. அறிவியல், மருத்துவம், பொறியியல் வகுப்புகளில் மலாய் மாணவர்கள் மிகக் குறைவு என்று அது காட்டியது. அது பொய் இல்லை. கம்பம் என்னும் மலாய்க் கிராமத்துப் பிள்ளைக்கு நல்ல அறிவியல் பள்ளி எட்டாத காலம் அது. அதே ஆண்டு புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. இன விகிதத்தைப் பார்த்து மாணவர்களைச் சேர்க்கும் முறை நிலைபெற்றது. பாட மொழியும் ஆங்கிலத்திலிருந்து மலாய்க்கு மாறத் தொடங்கியது. 1970ல் ஆங்கிலப் பள்ளிகளின் முதலாம் வகுப்பில் தொடங்கிய மாற்றம், 1983ல் பல்கலைக்கழக முதலாண்டை எட்டியது.

தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளையும் அதே அளவுக்குப் பின்தங்கித்தான் இருந்தது. ஆறாம் வகுப்புவரை தோட்டப் பள்ளி, அப்புறம் இடைநிலைப் பள்ளிக்கு முன் மொழி பழகும் புகுமுக வகுப்பில் ஒரு வருடம், மொழி புரியாமல் தவிப்பு, பதினைந்து வயதுக்குள் அப்பாவோடு பால் காட்டுக்கு. இதற்கு முந்தைய ஆண்டுகளில் பெரிய தோட்டங்களைக் கூறுபோட்டு விற்ற தோட்டத் துண்டாடலில் வீடும் வேலையும் இழந்த குடும்பங்கள் இருந்தன. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலைக்கே அனுமதி வாங்க வேண்டும் என்றானதும், சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் பலர் பிறந்த மண்ணை விட்டுத் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினார்கள். ஆனால் கணக்கெடுத்த அட்டவணையில் இருந்தது இனம், ஏழ்மை இல்லை. நகரத்தில் மருத்துவர், வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளைகளும் தோட்டத்துப் பிள்ளைகளும் ‘இந்தியர்’ என்ற ஒரே வரியில் எழுதப்பட்டார்கள். என்னைக் கேட்டால் அநீதி அந்த ஒரே வரியில்தான் இருக்கிறது. மலாய்ப் பிள்ளைக்கு உதவியதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நம் ஏழைப் பிள்ளையையும் அதே கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

2002ல் விகித முறையை எடுத்துவிட்டுத் தகுதி அடிப்படை என்றார்கள். எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் என்னும் அரசின் பல்கலைக்கழக முன்தயாரிப்புப் படிப்பு என்று இரண்டு வெவ்வேறு பாதைகளில் வருபவர்களை ஒரே தட்டில் வைத்து எடை போடும் முறை அது. மெட்ரிகுலேஷனிலோ பத்தில் ஒன்பது இடம் பூமிபுத்ராக்களுக்கு, அதாவது மலாய்க்காரர்களுக்கும் பிற பூர்வகுடிகளுக்கும், என்ற விகிதம் இருந்தது. 2024ல், எஸ்.பி.எம். என்னும் ஐந்தாம் படிவத் தேர்வில் பத்து ஏ அல்லது அதற்கு மேல் எடுத்த எல்லா இன மாணவர்களுக்கும் மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என்று பிரதமர் அன்வார் அறிவித்தது ஒரு நல்ல திருப்பம்.

அன்வாரும் யூ.எம். மாணவர்தானே? மாணவர் போராட்டம் எல்லாம் நடந்ததாமே?

ஆமாம், 1960களின் இறுதியில் அங்கே படித்து மாணவர் தலைவராக இருந்தவர். அந்தக் காலத்தில் வளாகத்தின் பேச்சு மேடையில் ஏறி யாரும் எதையும் பேசலாம். 1971ல் மாணவர் அரசியலைக் கட்டுப்படுத்தும் பல்கலைக்கழக, பல்கலைக்கழகக் கல்லூரிச் சட்டம் வந்தது. 1974 இறுதியில் ரப்பர் விலை விழுந்து கெடாவின் பாலிங்கில் சிறு தோட்டக்காரர்கள் பட்டினி கிடந்தபோது, மாணவர்கள் தலைநகரில் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அப்போது இளைஞர் இயக்கத் தலைவராக இருந்த அன்வார் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே போனார். யூ.எம். சமூகவியல் ஆசிரியர் சைட் ஹுசின் அலி ஆறு ஆண்டுகள் சிறையில் இருந்தார். 1975ல் சட்டம் இறுகியது. மாணவர்கள் கட்சிகளில் சேரும் உரிமை 2012ல் திரும்பியது, வளாகத்துக்குள் அரசியல் பேசும் உரிமை 2018 இறுதியில் நாடாளுமன்றம் திருத்தம் செய்த பிறகே வந்தது.

ரப்பர் விலைக்காகப் பல்கலைக்கழகப் பிள்ளைகள் தெருவில் இறங்கிய நாட்டில் நாம் இருக்கிறோம் என்பதை இன்றைய மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதிக காலம் துணைவேந்தராக இருந்தவர் யார்?

உங்கு அஜிஸ், 1968 முதல் 1988 வரை. பொருளியல் அறிஞர். கிராமத்து வறுமையை அளக்க, ஒரு வீட்டில் ஆளுக்கு எத்தனை சாரோங் (கைலி) இருக்கிறது என்று எண்ணச் சொன்னவர். படித்தவர்களின் சூத்திரங்களைவிட அந்தக் கணக்கு ஏழை வீட்டுக்கு நெருக்கமானது.

உலகத் தரவரிசையில் எங்கே நிற்கிறது?

2026க்கான க்யூ.எஸ். பட்டியலில் 58ஆம் இடம். நாட்டில் முதலிடம். 2006ல் ஆய்வுப் பல்கலைக்கழகத் தகுதியும் 2012ல் தன்னாட்சியும் கிடைத்த பிறகு ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கை ஏறியது, இடமும் ஏறியது.

2004ல் நடந்ததை மட்டும் சொல்லியாக வேண்டும். அந்த ஆண்டு டைம்ஸ் பட்டியலில் யூ.எம். 89ஆம் இடம் பிடித்தது, பெரிய கொண்டாட்டம். மறு ஆண்டே 169. காரணம் என்னவென்று பார்த்தால், முதல் பட்டியலில் மலேசியச் சீனர்களையும் மலேசிய இந்தியர்களையும் வெளிநாட்டினர் என்று எண்ணியிருந்தார்கள். வெளிநாட்டவர் அதிகம் இருந்தால் மதிப்பெண் அதிகம். மூன்று தலைமுறை இங்கே வேர் விட்டவர்களை ஒரு பட்டியல் வெளிநாட்டார் ஆக்கிவிட்டது. தரவரிசையை வைத்துப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இது ஒன்றே காரணமாகப் போதும். துறையைப் பாருங்கள், ஆசிரியரைப் பாருங்கள்.

பட்டமளிப்பு நடக்கும் அந்தச் சாம்பல் நிறக் கட்டடம் எரிந்துபோனதா?

டேவான் துங்கு சான்சலர். 1960களில் கிங்டன் லூ வடிவமைத்தது. பூச்சு இல்லாத வெறுங்கான்கிரீட், வெயிலைத் தடுக்க முகப்பு முழுக்கக் கட்டம் கட்டமாகச் சட்டங்கள். 2001 ஜூனில் தீப்பிடித்து உள்ளே பெரும்பகுதி சாம்பலானது. பழைய வடிவத்திலேயே திரும்பக் கட்டினார்கள், நல்லவேளை.

பினாங்கில் இருப்பதுதான் பழைய பல்கலைக்கழகம் என்று ஒரு உறவினர் சொல்கிறார்.

இல்லை. பினாங்கில் இருக்கும் யூ.எஸ்.எம். 1969ல் பினாங்குப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் தொடங்கியது, நாட்டின் இரண்டாவது. குளுகோரில் இருந்த ஆசிரியர் கல்லூரியில் ஆரம்பித்து, பிரிட்டிஷ் ராணுவ முகாமாக இருந்த மிண்டனுக்குப் போனது. பினாங்குக்காரர்கள் பெருமைப்பட வேறு எத்தனையோ இருக்கிறது.

சரி, சேர்வதற்கு என்ன செய்ய வேண்டும்?

எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் முடித்துவிட்டு, யூ.பி.யூ. என்னும் பொது விண்ணப்பம் வழியாகப் போட வேண்டும். தகுதிப் புள்ளியில் தேர்வுக்கு 90 விழுக்காடு, புறப்பாடத்துக்கு 10. இந்தப் பத்தைத்தான் நம் பெற்றோர் அலட்சியம் செய்கிறார்கள். நாலாம் படிவத்திலிருந்தே சீருடை இயக்கம், விளையாட்டு, மன்றம் என்று பிள்ளையை ஈடுபடவிடுங்கள். டியூஷன் முக்கியம் என்று சனிக்கிழமைப் பயிற்சியை நிறுத்திவிட்டு, பிறகு அரைப் புள்ளியில் மருத்துவ இடம் போனதே என்று அழுது பயனில்லை. துறைகளை வரிசைப்படுத்தும்போதும் அவசரம் வேண்டாம், முதல் வரியில் எழுதுவதற்குக் கனம் அதிகம். தேதிகளும் நிபந்தனைகளும் ஆண்டுதோறும் மாறும், அதிகாரபூர்வ அறிவிப்பை மட்டும் நம்புங்கள். பணத்துக்கு பி.டி.பி.டி.என். கடன் இருக்கிறது, ஆனால் அது கடன், திருப்பிக் கட்ட வேண்டியது.

தமிழ் படித்தால் வேலை கிடைக்குமா?

ஆசிரியர் பணி, ஊடகம், மொழிபெயர்ப்பு, அரசுத் துறை என்று போனவர்கள் நிறைய. இடைநிலைப் பள்ளித் தமிழாசிரியராக மட்டுமே குறி வைத்தால் ஆசிரியப் பயிற்சித் தகுதியும் தேவைப்படும், தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தையும் சேர்த்துப் பாருங்கள். எழுத ஆசை உள்ள பிள்ளைக்கு யூ.எம். வேறு ஒன்றும் தரும். அங்குள்ள தமிழ்ப் பேரவை நடத்தும் சிறுகதைப் போட்டியும், அதில் தேர்வான பேரவைக் கதைகள் தொகுப்புகளும் நம் எழுத்தாளர்கள் பலருக்கு முதல் மேடை.

மாணவராக இல்லாதவர்கள் வளாகத்தைப் பார்க்க முடியுமா?

பார்க்கலாம். எல்.ஆர்.டி. ரயிலில் யுனிவர்சிட்டி நிலையத்தில் இறங்கினால் உடனே வளாகம் வந்துவிடாது, அங்கிருந்து பேருந்து பிடிக்க வேண்டும். ரிம்பா இல்மு, ஆசியக் கலை அருங்காட்சியகம் இரண்டையும் பாருங்கள். அருங்காட்சியகத்தில் இருக்கும் கெண்டிச் சேகரிப்பைத் தவறவிடாதீர்கள். மூக்கு வைத்த அந்தக் கெண்டிகள் ஆசியாவின் பல நாடுகளிலிருந்து வந்தவை. கிளம்பும் முன் திறந்திருக்கும் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.

தாத்தா வீட்டில் பழைய தமிழ் நூல்களும், தோட்டத்துச் சங்க மலர்களும் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. பல்கலைக்கழகம் வாங்கிக்கொள்ளுமா?

முதலில், பழைய பேப்பர்க்காரரிடம் போடாதீர்கள். இங்கே அச்சான தோட்டக் கோயில் மலர், இளைஞர் மணிமன்ற ஆண்டிதழ், தொழிற்சங்க அறிக்கை எல்லாம் வரலாற்று ஆவணம். இராம. சுப்பையாவின் 1969 பட்டியலில் இடம்பெற்ற நூல்களிலேயே சிலவற்றுக்கு இன்று பிரதி கிடைப்பது அரிது. ஒவ்வொன்றின் தலைப்பு, அச்சான ஆண்டு, ஊர், அச்சகத்தின் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, அட்டையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதை வைத்துப் பல்கலைக்கழக நூலகத்தையும் இந்திய ஆய்வியல் துறையையும் கேளுங்கள், தங்களிடம் இல்லாதது எது என்று அவர்கள் பார்த்துச் சொல்ல அது போதும். புகைப்படங்கள் இருந்தால், அதில் இருப்பவர்கள் யார், எந்தத் தோட்டம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு, பின்பக்கம் பென்சிலால் மெதுவாக எழுதி வையுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.